கேஷ் வந்த வழி, காசு போன வழி
வாசகர் கேள்வி – பதில்

ஆங்கிலம் தமிழிடமிருந்து வாங்கிக்கொண்ட சொற்கள் என்று கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி ஆகியவற்றைச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். "கேஷை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டு மதுரை வட்டாரத்திலிருந்து கடிதங்கள் வந்தன. ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் இந்த இதழின் பக்கங்களை அந்த ஒரு சொல்லுக்கே ஒதுக்கிவிட்டோம்.

நம்முடைய 'காசு'தான் ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆயிற்று என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. உண்மையா?
– வாசகர், திருமங்கலம்

ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று எழுதப்படும் சொற்கள் இரண்டு. எழுத்துக்கூட்டல் ஒன்றேதான், பிறப்பு வேறு. ஒன்று நம் காசிலிருந்து போனது, இன்னொன்று போகவில்லை. வாட்ஸ்அப் செய்தி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இன்று கடையில் "கேஷா, ஜிபேயா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ், பெட்டி என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. ரோமானியர்கள் சுருட்டிய ஏட்டுச் சுருள்களைப் போட்டு எடுத்துப்போன உருண்டைப் பெட்டிக்கு அந்தப் பெயர். இத்தாலியில் அது 'காஸ்ஸா' ஆகிப் பணப்பெட்டியைக் குறித்தது. பிரெஞ்சில் 'கெஸ்' ஆனது. ஆங்கிலத்தில் 1590களில் இச்சொல் தென்படும்போது பணப்பெட்டி, அதில் உள்ள பணம் என்ற இரண்டு பொருளும் இருந்தன. 18ஆம் நூற்றாண்டில் பெட்டிப் பொருள் உதிர்ந்துபோய்ப் பணம் மட்டும் நின்றது. "கல்லாவில் எவ்வளவு?" என்று நாம் கேட்கும்போது மரப்பெட்டியையா கேட்கிறோம்? அதே போக்குதான்.

இரண்டாவது கேஷ் ஒரு சிறு செப்புக்காசின் பெயர். ஆங்கிலேயர் தென்னிந்தியாவில் வணிகம் செய்தபோது புழங்கிய காசு அது. தமிழ்க் 'காசு' போர்ச்சுகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. இதுவும் 1590களிலேயே ஆங்கில எழுத்தில் வந்துவிட்டது. ஒரே பத்தாண்டில், ஒரே எழுத்துக்கூட்டலில், பணத்தோடு தொடர்புள்ள இரண்டு சொற்கள் வந்து சேர்ந்தால் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

சரிபார்க்க எளிய வழி உண்டு. பெரிய ஆங்கில அகராதி ஒன்றைத் திறந்து கேஷ் என்ற சொல்லைப் பாருங்கள். தலைச்சொல்லின் தோள்மேல் சின்னதாக 1, 2 என்று எண் இருக்கும். அந்த எண் இருந்தாலே "எழுத்து ஒன்று, சொல் வேறு" என்று பொருள். பெரும்பாலும் முதல் பதிவில் காப்சா இருக்கும், அடுத்ததில் தமிழ் இருக்கும். பலர் முதல் பதிவை மட்டும் பார்த்துவிட்டுத் "தமிழுக்குச் சம்பந்தமே இல்லை" என்கிறார்கள். இன்னும் பலர் அடுத்த பதிவை மட்டும் படம் பிடித்து அனுப்புகிறார்கள்.

பாண்டியரோடு ரோமானியர் வணிகம் செய்தார்கள். வைகைப் படுகையில் ரோமானியச் செப்புக் காசுகளே கிடைத்திருக்கின்றன. அப்படியானால் லத்தீன் 'காப்சா'வே தமிழ்க் 'காசு'விலிருந்து போயிருக்கலாமே?
– வாசகர், மேலூர்

நல்ல கேள்வி. வணிகம் நடந்தது உறுதி. ஆனால் சொல் போயிருக்க வேண்டுமானால் அதன் பொருளும் கூடப் போயிருக்க வேண்டும். காப்சாவின் பழைய பொருள் பெட்டி. நாணயம் என்ற பொருள் லத்தீனில் அதற்கு இருந்ததே இல்லை. ரோமானியர் தங்கள் நாணயங்களை 'தெனாரியஸ்', 'ஆரியஸ்' என்றார்கள். இன்றைய பொருளை இன்றைய பொருளோடு ஒப்பிட்டதில்தான் தவறு நேர்ந்தது. சொல்லாய்வில் அதிகம் வழுக்குகிற இடம் இதுவே. எப்போதும் மிகப் பழைய பொருளை எடுத்து வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்து ஒலி. காப்சாவில் நடுவே ஒரு 'ப்' நிற்கிறது. காசில் அது இல்லை. இல்லாத மெய் ஏன் முளைத்தது என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும், காட்ட முடியாது.

மூன்றாவது, உடன்பிறப்புகள். ஒரு சொல் எந்தக் குடும்பத்தது என்று அதன் அண்ணன் தம்பிகளைப் பார்த்தால் தெரியும். காப்சாவின் பிள்ளைகள் எல்லாமே பெட்டிகள். 'ஒரு கேஸ் கலர் இறக்குங்க' என்கிறோமே, பாட்டில்கள் அடுக்கிய அந்தக் கேஸ். குட்டிப் பெட்டி என்ற பொருளில் பிரெஞ்சில் உண்டான காசெட். மருந்துத் தூளை அடைத்த கேப்ஸ்யூல். லாரிப் பட்டறையில் நாள்தோறும் புழங்கும் 'சேசிஸ்'கூட இந்தக் குடும்பம்தான். பெட்டி என்ற சொல் சட்டம் என்ற பொருளுக்கு மாறி, பிரெஞ்சு வழியாக வண்டியின் அடிச்சட்டத்துக்குப் பெயராயிற்று.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. தமிழில் 'கேஸ்' என்று எழுதினால் மூன்று சொற்கள் ஒரே எழுத்தில் வந்து நிற்கும். பாட்டில் கேஸ் காப்சாவிலிருந்து வந்தது. கோர்ட் கேஸ் 'விழுதல், நேர்தல்' என்ற பொருளுள்ள 'காசுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அடுப்பு கேஸ் 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற வேதியியலாளர் கிரேக்கக் 'கேயாஸ்' என்ற சொல்லை மனத்தில் வைத்து உண்டாக்கியது. மூன்றையும் ஒரே குடும்பம் என்று நாம் சொல்வதில்லை. காசு, கேஷ் விஷயத்திலும் அதே நிதானம் வேண்டும்.

'காசு' என்பதில் 'ஷ' ஒலி இல்லையே. பிறகு 'கேஷ்' எப்படி?
– வாசகர், சோழவந்தான்

இந்த 'ஷ்'தான் சொல் போன பாதையைக் காட்டுகிற அடையாளம். ஆங்கிலேயர் சென்னையில் இறங்கித் தமிழரிடமிருந்து நேரே கேட்டு எழுதியிருந்தால் 'காஸ்' என்றோ 'காசூ' என்றோ எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு முன்பே போர்ச்சுகீசியர் இங்கே வந்துவிட்டார்கள். தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 1530களிலேயே அவர்கள் கால் ஊன்றியிருந்தார்கள். சாவி, அலமாரி, ஜன்னல், மேசை, ஏலம் எல்லாம் அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொற்கள். பதிலுக்கு நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றில் காசும் ஒன்று.

போர்ச்சுகீசிய மொழியில் பெட்டிக்கு 'காய்ஷா' என்று பெயர். அதுவும் லத்தீன் காப்சாவின் பிள்ளைதான். நம் காசின் பெயரை அவர்கள் எழுதத் தொடங்கியபோது, தங்களுக்குப் பழக்கமான அந்தக் காய்ஷாவின் சாயல் அதன்மேல் படிந்துவிட்டது. ஆக இரண்டு சொற்களும் முதலில் முட்டிக்கொண்டது லண்டனில் அல்ல, போர்ச்சுகீசியரின் பேனா முனையில்.

பெட்டிக் கேஷில் உள்ள 'ஷ்' வேறு வழியில் வந்தது. பிரெஞ்சுச் சொற்களின் 'ஸ்' ஆங்கிலத்தில் 'ஷ்' ஆவது உண்டு. புஷ், ஃபினிஷ், பனிஷ் எல்லாம் அப்படி மாறியவை.

இன்னொன்றையும் கவனியுங்கள். காசு என்பதில் கடைசி 'உ' குற்றியலுகரம், அரை மாத்திரைதான் ஒலிக்கும். நம் காதுக்கு அது கேட்கும், அயலார் காதுக்குக் கேட்காது. ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த செப்புக்காசின் பின்பக்கப் பாரசீக எழுத்திலும் 'காஸ்' என்றே பொறித்திருக்கிறார்கள்.

தமிழ்க் காசின் பயணம் சென்னையோடு நிற்கவில்லை. போர்ச்சுகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்த பிறகு, தென்கிழக்காசியத் தீவுகளில் புழங்கிய ஈய, வெள்ளீயச் சில்லறைக்கும் இதே பெயரைக் கொடுத்தார்கள். பிறகு சீனத்தின் சதுரத் துளையிட்ட செப்புக்காசுக்கும் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றே பெயர் நிலைத்தது. சீனர்கள் தங்கள் மொழியில் அதை அப்படிச் சொல்வதில்லை. இன்றும் ஆங்கில நாணயவியல் நூல்களில் 'சீனக் கேஷ்' என்று படித்தால், அது பெட்டிக் கேஷ் அல்ல, நம் காசு.

வீட்டுப் பழைய பெட்டியில் ஒரு செப்புக்காசு கிடந்தது. ஆங்கிலத்தில் 'எக்ஸ் எக்ஸ் கேஷ்' என்றும் 1808 என்றும் இருக்கிறது. கறுத்திருப்பதால் புளி போட்டுத் துலக்கலாமா? நல்ல விலை போகுமா?
– வாசகர், உசிலம்பட்டி

புளியைத் தொடாதீர்கள்! முதல் வேலை அதுதான். புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலம் கறுப்பை மட்டும் எடுக்காது, செம்பின் மேல்தோலையும் அரித்துவிடும். குத்துவிளக்குத் துலக்குவதுபோலத் துலக்கினால் காசு பளபளக்கும், எழுத்தின் விளிம்பு மழுங்கும், சேகரிப்பவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தக் கறுப்பும் பழுப்பும் 200 ஆண்டில் தானாக உண்டான காப்புப் படலம். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒருநாள் ஊறவிட்டு, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு காகித உறையில் வையுங்கள். ஓரத்தைப் பிடித்தே எடுங்கள், விரல் ரேகையின் உப்பும் செம்பைக் கறைப்படுத்தும்.

இனி காசுக்கு வருவோம். 'எக்ஸ் எக்ஸ்' என்பது ரோமன் எண் 20. இது இருபது காசு நாணயம். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில், பர்மிங்காம் பக்கத்து சோஹோ அக்கசாலையில் (நாணயம் அடிக்கும் ஆலை) நீராவி எந்திரம் கொண்டு அடித்தது. ஒருபுறம் கம்பெனிச் சின்னம், மறுபுறம் பாரசீக எழுத்து. எடை ஏறத்தாழ 9 கிராம் இருக்க வேண்டும்.

அன்றைய சென்னைக் கணக்கு இது: 80 காசு ஒரு 'பணம்' (அன்று அது ஒரு நாணயத்தின் பெயர்). 42 பணம் ஒரு வராகன் என்ற பொற்காசு. 12 பணம் ஒரு ரூபாய். ஆகவே ரூபாய்க்கு 960 காசு, வராகனுக்கு 3,360 காசு, ஒரு வராகன் மூன்றரை ரூபாய். உங்கள் கையில் உள்ள நாணயம் 48 சேர்ந்தால் ஒரு ரூபாய். 1818இல் மாகாணம் ரூபாய்க் கணக்குக்கு மாறியபோது இந்த முறை ஓய்ந்தது. ஆனால் மேற்கே திருவிதாங்கூரில் காசு 1949 வரை உயிரோடு இருந்தது. அங்கே 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய், அதாவது ரூபாய்க்கு 448 காசு. கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளியைத் தாண்டினால் காசின் கணக்கே மாறிவிடும்!

விலையைப் பொறுத்தவரை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்டனர்' என்ற கம்பெனிக் கப்பல் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. அதில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்கள் டன் கணக்கில் இருந்தன. 1980களில் அவற்றை மூழ்காளர்கள் வெளியே எடுத்தார்கள். அதனால் 1808ஆம் ஆண்டுக் காசு உலகச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. கடலில் கிடந்தவற்றில் மேல்தோல் பொடிப்பொடியாக அரித்திருக்கும். உங்களுடையது கைமாறித் தேய்ந்த காசாக இருந்தால் வழுவழுப்பாக இருக்கும். எங்களைக் கேட்டால் இரண்டாவதுதான் மதிப்புக்குரியது. யாரோ இதைக் கொடுத்து உப்பும் புளியும் வாங்கியிருக்கிறார்கள்.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ பொறித்து '1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா' என்று விற்பது வேறு சங்கதி. அது நாணயமே அல்ல, பிற்காலத்தில் பூஜைக்கென்று அடித்த வில்லை. லட்சக்கணக்கில் விலைபோகும் என்று யார் சொன்னாலும் நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

'காசு' தமிழ்ச்சொல்தானா? வடமொழியிலிருந்து வந்தது என்றும் சொல்கிறார்களே? வெண்பா இலக்கணத்தில் 'காசு' என்று வருவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– தமிழாசிரியர், சிம்மக்கல்

ஆங்கில அகராதிகள் சில, தமிழ்க் காசுக்கு முன்னால் 'கர்ஷ' என்ற வடமொழி எடைப் பெயரைச் சந்தேகக்குறியோடு போடுகின்றன. கர்ஷம் என்பது பொன், வெள்ளியை நிறுக்கும் ஓர் எடை. அறிஞர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை.

நாங்கள் கவனிக்கச் சொல்வது சங்கப் பாடல்களில் காசு நிற்கும் இடத்தை. குறுந்தொகை 67ஆம் பாடலில் கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பற்றியிருக்கிறது. அது, பொற்கொல்லன் கூர்நகத்தில் பிடித்துப் புதுநூலில் கோக்கிற பொற்காசு போலத் தெரிகிறது. இங்கே காசு கடையில் கொடுக்கும் நாணயமில்லை, கோக்கிற பொன்மணி. வேப்பம்பழம் உருண்டை, மஞ்சள். உவமை பொருந்த வேண்டுமானால் காசும் உருண்டையாகத்தானே இருக்க வேண்டும்? திருப்பாவையில் ஆய்ச்சியர் கழுத்தில் கலகலக்கும் 'காசும் பிறப்பும்' தாலி அணிகள். இன்று நாம் அணியும் காசுமாலை அந்தப் பழைய பொருளின் நேர் வாரிசு. அணிகலப் பொன்னுக்கு வழங்கிய பெயர் நாணயத்துக்கும் பெயராகி, பிற்காலப் பாண்டியரின் 'சோணாடு கொண்டான்' போன்ற பொறிப்புள்ள செப்புக்காசுகளின் காலத்தில் முழுக்கச் செலாவணிச் சொல்லாகிவிட்டது. எடைப்பெயர் என்ற ஊகத்தை ஏற்பவர் இந்தப் பொன்மணிக்கும் விடை சொல்ல வேண்டும்.

காசுக்குக் 'குற்றம்' என்று இன்னொரு பொருளும் உண்டு. கோவலன் கண்ணகியிடம் சொல்லும் 'காசறு விரையே' என்பதைக் குற்றமற்ற நறுமணமே என்று உரை கொள்வது வழக்கம். இந்தக் காசையும் நாணயத்தையும் முடிச்சுப்போட வேண்டாம். தமிழ் அகராதியிலும் தோள்மேல் எண் போட வேண்டிய சொல் இது.

வெண்பாவில் வருவது வாய்பாடு. ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். திருக்குறள் முதல் அதிகாரத்திலேயே நான்கும் இருக்கின்றன: முதல் குறளின் 'உலகு' பிறப்பு, 2ஆம் குறளின் 'எனின்' மலர், 5ஆம் குறளின் 'மாட்டு' காசு, 6ஆம் குறளின் 'வார்' நாள். நேரசையோடு குற்றியலுகரம் சேர்வதற்குக் காசு வாய்பாடு. மாணவர்கள் இதை நேர்நேர் என்று பிரித்துத் தேமா என்று எழுதிவிடுகிறார்கள். ஈற்றுச்சீரில் மட்டும் அந்த உகரத்தைத் தனி அசையாக எண்ணக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். அயல்நாட்டார் காதில் விழாமல் போன அதே அரை மாத்திரைதான் இங்கே இலக்கணமாக நிற்கிறது.

'பெட்டி கேஷ்' என்பது பெட்டியில் வைக்கும் கேஷா? கணக்குப் பாடத்தில் 'சில்லறை ரொக்கம்' என்று இருக்கிறது.
– வணிகவியல் மாணவி, திருப்பரங்குன்றம்

ஒலி ஏமாற்றுகிறது. கேஷ்தான் பெட்டி, இந்தப் 'பெட்டி' வேறு. சிறியது என்ற பொருளுள்ள பிரெஞ்சு 'பெத்தி'யிலிருந்து வந்தது. ஆகவே சில்லறை ரொக்கம் என்ற மொழிபெயர்ப்பு மிகச் சரி.

சில்லறைச் செலவுக்கு ஒரு தொகையை முன்பணமாகக் கொடுத்து, செலவான அளவை மட்டும் பிறகு ஈடுசெய்வது முன்பண மீட்பு முறை. அதில் பலரும் பிழை விடுவது மாதக் கடைசியில். தொடக்கத்தில் 3,000 ரூபாய் கொடுத்தார்கள். ஆட்டோ 640, டீ 720, எழுதுபொருள் 580, தபால் 520, ஆக 2,460 செலவு, மீதி 540. அடுத்த மாதத்துக்குக் கொடுக்க வேண்டியது 2,460தான், 3,000 அல்ல. 3,000 கொடுத்தால் கையில் 3,540 ஆகிவிடும், முறையே குலைந்துவிடும். எந்த நாளில் எண்ணினாலும் கையில் உள்ள ரொக்கமும் கடைசியாக மீட்ட பிறகு சேர்ந்த சீட்டுகளின் தொகையும் கூடி 3,000 வர வேண்டும். வராவிட்டால் ஒரு சீட்டு விடுபட்டிருக்கிறது, அல்லது சீட்டில்லாமல் பணம் போயிருக்கிறது.

கேஷியர், கேஷ்யூ இரண்டும் கேஷிலிருந்து வந்தவையா?
– வாசகர், வாடிப்பட்டி

பணம் வாங்கும் கேஷியர், ஆம், பெட்டிக்காரர். படையிலிருந்து ஒருவரை அவமதிப்போடு நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்தில் ஒரு வினைச்சொல் உண்டு. அது செல்லாததாக்குதல் என்ற பொருளில் டச்சு வழியாக வந்தது, உறவில்லை. முந்திரிக்குரிய கேஷ்யூ பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழிச் சொல், போர்ச்சுகீசியர் 'கஜு' என்று கொண்டுவந்தது.

அப்படியானால் பணம், துட்டு, சல்லி?
– வாசகர், அலங்காநல்லூர்

பணம் நம் சொல். ஆங்கிலத்தில் அது 'ஃபனம்' என்று போனது. 'ப' ஒலி இல்லாத அரபு நாவில் பட்டு 'ஃப' ஆனது என்பது பொருந்துகிற விளக்கம்.

துட்டு எதிர்த்திசையில் வந்தது. டச்சுக்காரரின் 'டௌட்' என்ற செப்புக்காசின் பெயர் அது. 1658இல் தூத்துக்குடியை அவர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். அந்தக் காசில் வி, ஓ, சி என்ற மூன்று எழுத்துகள் பின்னிக்கொண்டிருக்கும். டச்சுக் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள் அவை, நம் கப்பலோட்டிய தமிழருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சல்லியைப் பற்றி உங்கள் ஊருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மிகச் சிறிய காசு சல்லி. அதைத் துணியில் முடிந்து காளையின் கொம்பில் கட்டியதால் சல்லிக்கட்டு என்பதே பலரும் சொல்லும் விளக்கம். இப்போது வாடிவாசலில் கொடுக்கும் பரிசு கட்டிலும் பைக்குமாக ஆகிவிட்டது, பெயரில் மட்டும் அந்தச் செப்புச் சில்லறை முடிந்தபடியே இருக்கிறது.